அக்கா வீட்டு அம்பாஸிடர்

என் அக்காவை நெய்வேலியில் கட்டிக் கொடுத்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. வருஷம் தவறாமல் பலாப்பழ சீசனில் அங்கே போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வருவது என் வழக்கம். போகும்போது ஒரு பை, வரும்போது நாலு பை!

இந்தத் தடவை நான் நாள் பார்ப்பதற்கு முன்பே அக்காவிடமிருந்து போன் வந்துவிட்டது. "அடியே, இந்த வருஷம் கட்டாயம் வந்துடு. அடுத்த சீசனுக்கு நாங்க இந்த வீட்டிலே இருக்க மாட்டோம்" என்றாள்.

அத்தான் ரிடையர் ஆகிவிட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு சென்னையில் வாங்கிப் போட்டிருக்கும் ஃபிளாட்டுக்குக் குடிவர வேண்டும். "பாத்திரம் பண்டமெல்லாம் பிரிச்சாச்சு. கட்டில், பீரோவுக்குக் கூட ஆள் சொல்லியாச்சு. கார் ஒண்ணுதான்..." என்று இழுத்தாள்.

"காருக்கென்ன?"

"அதைப் பத்தி இங்கே யாரும் பேசறதில்லே" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள்.

ஓர் ஓட்டைக் காரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

ஒரே சாலையில் இரண்டு தொழிற்சாலை

நெய்வேலி பஸ் பிடிக்க இப்போது கிளாம்பாக்கம் போக வேண்டியிருக்கிறது. வழியில் பெருங்களத்தூர் வந்தால் எனக்கு என் அப்பா ஞாபகம் வந்துவிடும். சின்ன வயதில் அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம், "அதோ பார், நம்ம ஊர் கார் ஃபாக்டரி!" என்று காட்டுவார். ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி அங்கேதான் இருந்தது. 1961 முதல் ஹெரால்டு கார், பிறகு கெஸல், கடைசியாக 1985ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார். பார்க்க ராஜா மாதிரி இருக்கும். இங்கிலாந்தின் ரோவர் காரின் உடம்பு அது. ஆனால் உள்ளே வைத்தது பழைய காலத்து இன்ஜின். புதுப் பட்டுப் புடவைக்குப் பழைய ரவிக்கையைப் போட்ட கதை! விலையும் அதிகம், பெட்ரோலும் அதிகம் குடித்தது. 1988ல் உற்பத்தி நின்றது. இன்று அந்தப் பக்கம் கணினிக் கம்பெனிக் கட்டடங்களும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன.

அங்கிருந்து அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் மறைமலை நகர். ஃபோர்டு கம்பெனி 1999 முதல் கார் செய்த இடம். அங்கேயும் 2022ல் கடைசிக் கார் வெளியே வந்தது. மறுபடியும் ஆலைக்கு உயிர் கொடுக்கப் போவதாக 2024ல் அறிவித்தார்கள். வரட்டும், நல்லதுதான்.

ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு யோசித்தேன். ஒரு கார் நின்றுபோனால் நாம் வேறு கார் வாங்கிக்கொள்கிறோம். அதைச் செய்த கைகள் என்ன செய்திருக்கும்? அந்தக் கைகளை நம்பியிருந்த அடுப்புகள்?

விக்கிரவாண்டி தாண்டிப் பண்ருட்டி வந்ததும் யோசனையெல்லாம் பறந்துவிட்டது. சாலையின் இரண்டு பக்கமும் பலாப்பழம் குவித்து வைத்திருக்கிறார்கள். அந்த வாசனை பஸ்ஸுக்குள் ஏறி நம் மடியில் உட்கார்ந்துகொள்கிறது. அப்புறம் செம்மண், முந்திரித் தோப்பு. ஆர்ச் கேட்டில் இறங்கினால், அத்தான் காரோடு நின்றுகொண்டிருந்தார். வெள்ளை அம்பாஸிடர்.

"வாம்மா, பிரயாணம் எப்படி?" என்று பையை வாங்கி டிக்கியில் வைத்தார். அந்த டிக்கியை மூடும் 'தொம்' என்ற சத்தம்! இந்தக் காலத்துக் கார் எதற்கும் அந்தச் சத்தம் கிடையாது.

மண்ணுக்கடியிலிருந்து வந்த ஊர்

நெய்வேலி டவுன்ஷிப்பைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே தெருவுக்குப் பெயர் முக்கியமில்லை, பிளாக் நம்பர்தான் முக்கியம். "எந்த பிளாக்கு?" என்றுதான் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வார்கள். அகலமான ரோடு, இரண்டு பக்கமும் மரம். ஒவ்வொரு குவார்ட்டர்ஸைச் சுற்றியும் தோட்டம். அக்கா வீட்டில் ஒரு பலா, இரண்டு மா, ஒரு கறிவேப்பிலை மரம். கறிவேப்பிலை காசு கொடுத்து வாங்கியதே இல்லை என்பது அவள் பெருமை.

இவ்வளவும் ஒரு கறுப்பு மண்ணால் வந்தது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது, அவர்தான் அதை அரசாங்கத்துக்குச் சொன்னார், பிறகு நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலமும் கொடுத்தார் என்பார்கள். 1956ல் கம்பெனி பிறந்தது. 1957ல் பிரதமர் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961ல் லிக்னைட் கண்ணில் பட்டது. 1962ல் ரஷ்ய உதவியோடு மின்சாரம் வந்தது. லிக்னைட் என்பது பழுப்பு நிலக்கரி. எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். ஈரத் துணியை மூட்டை கட்டி ஊர் ஊராய்த் தூக்கிப் போக முடியுமா? அதனால்தான் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே மின் நிலையம், மின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஊர்.

நடுத்தர வயது வாசகிகளுக்கு 'லெக்கோ' ஞாபகம் இருக்கிறதா? லிக்னைட்டைப் பொடி செய்து, கட்டியாக அழுத்தி, கரியாக்கி நெய்வேலியிலிருந்து வந்த அடுப்புக் கரி. எங்கள் அம்மா குமுட்டி அடுப்பில் லெக்கோவைப் போட்டு, விசிறியால் விசிறி, கனிந்து வந்ததும் பால் வைப்பாள். புகை அதிகமில்லை, கண் எரியாது. "நெய்வேலிக்காரன் நல்லா இருக்கணும்" என்பாள். பின்னாலேயே காஸ் சிலிண்டர் வந்தது. குமுட்டி பரணுக்குப் போயிற்று. லெக்கோ செய்த ஆலையும், பக்கத்திலிருந்த யூரியா உர ஆலையும் மூடி வருஷங்கள் ஓடிவிட்டன. நாம் யாராவது அழுதோமா? காஸ் வந்த சந்தோஷத்தில் மறந்தே போனோம். ஆனால் நெய்வேலியில் அதைச் செய்தவர்கள் வீட்டில் மறந்திருக்க மாட்டார்கள்.

முன் சீட்டில் மூன்று பேர்

அக்கா வீட்டுக் கார் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செய்தது. அத்தான் அதை இரண்டாம் கையாக வாங்கினார். அப்போது வீட்டில் மாமனார், மாமியார், இரண்டு குழந்தைகள் என்று ஆறு பேர். நாத்தனார் வந்தால் ஏழு. முன் சீட்டு பெஞ்சு மாதிரி நீளமாக இருக்கும். கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே இருப்பதால் காலடியில் இடைஞ்சல் இல்லை. முன்னால் மூன்று பேர், பின்னால் நாலு பேர், பின்னாலிருப்பவர்கள் மடியில் இரண்டு வாண்டு. சீட்டு உயரமாக இருப்பதால் புடவை கட்டிக்கொண்டு குனியாமல் ஏறலாம், இறங்கலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொண்டதும் அதில்தான். விடியற்காலையில் நெய்வேலி ரோட்டில் ஆள் இருக்காது. அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து, "கிளட்ச்சு, கிளட்ச்சு" என்று கத்த, பிளாக்கைச் சுற்றிச் சுற்றி வந்தாளாம். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் அந்தப் பெரிய ஸ்டியரிங்கைத் திருப்புவதைப் பார்க்க எனக்கே பெருமையாக இருக்கும்.

ஒரு நாள் ராத்திரி 2 மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது. அவள் வீட்டுக்காரர் நைட் ஷிப்டில். அத்தானும் நைட் ஷிப்டு. அக்கா தனியாகக் காரை எடுத்து, அந்தப் பெண்ணைப் பின் சீட்டில் படுக்க வைத்து, அவள் மாமியாரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். பிறந்த பையன் இன்று இன்ஜினீயரிங் படிக்கிறான். அக்காவை 'கார் அத்தை' என்றுதான் கூப்பிடுவான். பிறகு மாமியார் படுக்கையில் விழுந்த காலத்திலும் அதே பின் சீட்டுதான் கட்டில். மாதம் ஒரு முறை புதுச்சேரி போய்வர அதில் மெத்தை போட்டே வைத்திருந்தார்கள்.

இப்படி ஊரெல்லாம் ஓடிய அம்பாஸிடர் பிறந்தது கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை மாதிரியாக வைத்து 1950களின் கடைசியில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்யத் தொடங்கியது. கிட்டத்தட்ட முப்பது வருஷம் அம்பாஸிடருக்கும் பம்பாய் ஃபியட்டுக்கும்தான் போட்டி. பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள். மந்திரிகள், கலெக்டர்கள், டாக்ஸி, கல்யாண ஊர்வலம் எல்லாவற்றுக்கும் அதுதான்.

1983 டிசம்பரில் மாருதி வந்தது. சின்னக் கார், சின்னக் குடும்பம். கூட்டுக் குடும்பம் பிரிந்து, வீட்டுக்கு நாலு பேர் என்று ஆன பிறகு ஏழு பேர் உட்காரும் கார் எதற்கு? 1991க்குப் பிறகு வெளிநாட்டுக் கம்பெனிகளும் வந்தன. 2006 பட்ஜெட்டில் 4 மீட்டருக்குக் குறைந்த சின்னக் கார்களுக்கு வரியைக் குறைத்தார்கள். 2025 செப்டம்பர் முதல் சின்னக் காருக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு, பெரிய காருக்கு 40 விழுக்காடு. காரின் நீளத்தைச் சர்க்காரே அளந்து கொடுத்த மாதிரிதான்! எண்பதுகளின் நடுவில் வருஷத்துக்கு 20,000க்கு மேல் விற்ற அம்பாஸிடர், 2013-14ல் சுமார் 2,200தான் விற்றது.

2014 மே 24, சனிக்கிழமை. உத்தர்பாரா தொழிலாளர்கள் அன்று கண்டது வேலை நிறுத்தி வைப்பு அறிவிப்பு. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். முதல் நாள் வேலை செய்துவிட்டுப் போன இடம்! அந்தப் பெயரைக்கூட 2017ல் ஒரு பிரெஞ்சுக் கம்பெனிக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றுவிட்டார்கள்.

மெல்பர்னிலிருந்து ஒரு போன்

அக்கா மகன் ஆஸ்திரேலியாவில் மெல்பர்னில் இருக்கிறான். நான் போன மூன்றாம் நாள் வீடியோவில் வந்தான். "சித்தி, பலாப்பழத்தைக் காட்டு!" என்று ஆரம்பித்து, "அப்பா, காரை என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டானே பார்க்கலாம். அத்தான் "பார்க்கலாம்டா" என்று எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். அக்கா அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே போனாள். எனக்கோ எந்தக் கருகல் வாசனையும் வரவில்லை.

மிச்சப் பேச்சு எனக்கும் அவனுக்கும்தான். "இங்கேயும் இதே கதைதான் சித்தி" என்று சொல்ல ஆரம்பித்தான்.

ஆஸ்திரேலியா பரந்த தேசம். ஊருக்கு ஊர் தூரம் அதிகம். பெரிய குடும்பத்தோடும் மூட்டை முடிச்சோடும் போக அகலமான காரைத் தாங்களே செய்துகொண்டார்கள். 1948ல் முதல் ஹோல்டன் காரை அந்நாட்டுப் பிரதமர் சிஃப்லியே அறிமுகப்படுத்தினாராம். 1960ல் ஃபோர்டு ஃபால்கன் வந்தது. 1978ல் ஹோல்டன் கமடோர். நம் ஊரில் அம்பாஸிடரா ஃபியட்டா என்று சண்டை போட்ட மாதிரி, அங்கே ஹோல்டனா ஃபால்கனா என்று குடும்பங்களே இரண்டு கட்சி. பிறகு வெளிநாட்டுக் காருக்கான இறக்குமதி வரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். எண்பதுகளில் 57.5 விழுக்காடு இருந்தது, 2010ல் 5 விழுக்காடு ஆயிற்று. ஜனங்களின் ஆசையும் உயரமான வண்டிகள் பக்கம் போய்விட்டது. 2016 அக்டோபர் 7ல் கடைசி ஃபால்கன். 2017 அக்டோபர் 20ல் அடிலெய்டு பக்கத்தில் எலிசபெத் என்ற ஊரில் கடைசி ஹோல்டன்.

"ஆனா ஒரு வித்தியாசம் சித்தி. எங்க பக்கத்து வீட்டுத் தாத்தா ஃபால்கன் ஃபாக்டரியிலே வேலை பார்த்தவர். மூடப் போறோம்னு 2013 மே மாசமே சொல்லிட்டாங்களாம். மூணு வருஷத்துக்கு மேலே அவகாசம். அதுக்குள்ளே அவர் தச்சு வேலை கத்துக்கிட்டார். வருத்தம் இருக்கு, ஆனா கோபமில்லேங்கறார்."

அதோடு அவன் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னைத் தூக்கிப் போட்டது. மெல்பர்னுக்குக் கிழக்கே லட்ரோப் பள்ளத்தாக்கு என்று ஒரு பிரதேசம். அங்கேயும் நம் நெய்வேலி மாதிரியே பழுப்பு நிலக்கரி, பக்கத்திலேயே மின் நிலையம். அதில் ஹேஸல்வுட் என்ற பெரிய மின் நிலையத்தை 2017 மார்ச்சில் மூடினார்கள். சொன்னது 2016 நவம்பரில். ஐந்தே மாதம்! ஊரே ஆடிப்போய்விட்டதாம். அதைப் பார்த்த பிறகு, பக்கத்து யல்லோர்ன் நிலையத்தை 2028ல் மூடப் போவதாக 2021லேயே சொல்லிவிட்டார்கள். ஏழு வருஷம் முன்னதாக.

பெரிய காரும் பழுப்பு நிலக்கரியும் ஒரே வருஷத்தில் போன தேசம்! நான் உட்கார்ந்திருந்ததோ பழுப்பு நிலக்கரி ஊரில், வாசலில் பெரிய கார்.

சுரங்கத்தின் விளிம்பில்

மறுநாள் அத்தான் எங்களைச் சுரங்கம் பார்க்க அனுமதி வாங்கி அழைத்துப் போனார். எத்தனையோ தடவை பார்த்ததுதான், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் மூச்சு அடைக்கிறது. கண்ணுக்கெட்டிய மட்டும் பள்ளம். படிப்படியாக இறங்கும் செம்மண். அடியில் கறுப்பு. மலை போன்ற இயந்திரத்தின் நுனியில் ராட்டினம் மாதிரி ஒரு சக்கரம், அதைச் சுற்றி வாளிகள். சுற்றிச் சுற்றி மண்ணை அள்ளி பெல்ட்டில் போடுகிறது. மேல் மண்ணை மலையாக எடுத்தால்தான் கீழே லிக்னைட். அதற்கும் கீழே அழுத்தத்தோடு ஊற்று நீர் இருக்கிறது. ராப்பகலாக அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை பொங்காமல் இருக்கும். ஒரு நாள் கூட லீவு கிடையாது. நம் சமையலறை மாதிரிதான்!

"அந்தப் பக்கம்தான் நான் முதல்லே வேலைக்குச் சேர்ந்த பவர் ஹவுஸ்" என்று அத்தான் கை காட்டினார். 1962ல் தொடங்கிய முதல் அனல் மின் நிலையம், 600 மெகாவாட். ஒவ்வொரு யூனிட்டாக நிறுத்தி, 2020ல் முழுவதுமாக ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக 1000 மெகாவாட்டில் புது நிலையம் வந்திருக்கிறது. சூரிய ஒளி மின்சாரத்திலும் கம்பெனி இறங்கியிருக்கிறது. புகையில்லா நிலைக்கு 2070க்குள் வருவோம் என்று நம் நாடு 2021ல் உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. அப்படியானால் இந்தப் பள்ளம், இந்த ஊர்?

எந்த வெளிச்சத்துக்குக் கீழேயும் ஒரு நிழல் உண்டு. சுரங்கம் நகர நகர, சுற்றியுள்ள கிராமங்களும் நகர்ந்திருக்கின்றன. 2023 ஜூலையில் வளையமாதேவியில் வாய்க்கால் வெட்ட, நின்றுகொண்டிருந்த நெற்பயிருக்குள் மண்வாரும் இயந்திரங்கள் இறங்கியதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். நிலம் எப்போதோ எடுத்தது என்றார்கள். பயிர் இந்தப் போகத்தில் வைத்தது அல்லவா! ஒரு அறுவடை பொறுத்திருக்கக் கூடாதா என்று பார்த்த பெண்களெல்லாம் வயிற்றில் அடித்துக்கொண்டோம்.

உத்தர்பாராவில் ஒரு சனிக்கிழமை. ஹேஸல்வுட்டில் ஐந்து மாதம். ஃபால்கன் ஆலையில் மூன்று வருஷம். முடிவு எல்லாவற்றுக்கும் உண்டு. லெக்கோவுக்கு வந்தது, ஹெரால்டுக்கு வந்தது. அதை யாரும் நிறுத்த முடியாது. ஆனால் அதை எப்போது சொல்கிறோம் என்பதில்தான் ஒரு குடும்பம் நிமிர்ந்து நிற்பதும் நொடித்துப் போவதும் இருக்கிறது.

எனக்கு உடனே வாசலில் நின்ற கார் ஞாபகம் வந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய இன்னும் மூன்று வாரம். அதற்குள் பதிவைப் புதுப்பிக்கும் தேதியும் வருகிறது. இந்த வீட்டில் யார் யாருக்கு நோட்டீஸ் கொடுப்பது?

யாருக்காக?

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு மேல், பலாச்சுளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நான் நேராகவே கேட்டுவிட்டேன். "அக்கா, இந்தக் கார் உனக்கு வேணுமா?"

"எனக்கெதுக்குடி?" என்றாள் பட்டென்று. "தோள்பட்டை வலியிலே ஸ்டியரிங்கைத் திருப்பவே முடியலே. ஆறு மாசமா ராத்திரி எண்ணெய் தேய்ச்சுக்கறேன். இவர் மனசு கஷ்டப்படுமேன்னுதான் வாயைத் திறக்கலே."

அத்தான் சுளையைக் கீழே வைத்தார். "எனக்காகவா? எனக்குக் கண்ணிலே புரை விழுந்து ராத்திரியிலே எதிர்வண்டி லைட் ஒண்ணு நாலாத் தெரியுது. நான் ஓட்டறதையே குறைச்சுட்டேன். உன் கார்தானேன்னு, நீ வருத்தப்படுவியேன்னுதான் நானும்..."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அக்கா சிரித்தாளே ஒரு சிரிப்பு! சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒருவர் மனசு நோகக் கூடாதென்று ஒருவர் மறைத்ததில், தோள்வலி ஒரு பக்கம் முற்றியிருக்கிறது, கண் ஒரு பக்கம் முற்றியிருக்கிறது. கார் நடுவில் சும்மா நின்றுகொண்டிருக்கிறது! மறுநாள் காலையில் இரண்டு பேரையும் முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பினேன். கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. தோளுக்குப் பயிற்சி சொல்லியிருக்கிறார்கள்.

காருக்கும் வழி பிறந்தது. மந்தாரக்குப்பத்தில் இருபது வருஷமாக அதைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்குக்குச் சொல்லியனுப்பினார்கள். அவர் ஓடி வந்தார். "பழைய வண்டிங்களுக்கு இப்பத்தான்மா மவுசு. கல்யாணத்துக்கு, சினிமா ஷூட்டிங்குக்குக் கேக்கறாங்க. நான் வெச்சுக்கறேன், உடைச்சு விக்க மாட்டேன்" என்றார். கொடுத்த விலை பெரிசில்லை. அந்தக் கடைசி வார்த்தைதான் பெரிசு.

பழைய வண்டி கொடுக்கும் வாசகிகளுக்கு ஒரு வார்த்தை. தெரிந்தவர்தானே என்று சாவியை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்து ஆக வேண்டும். கைமாறிய விவரத்தை 14 நாளைக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறியதைக் கண்ணால் பார்த்து ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு யாரோ செய்யும் விபத்துக்கு நீங்கள் கோர்ட்டுக்கு நடக்க வேண்டிவரும்.

கடைசிச் சவாரி

நான் புறப்படும் முன் வெள்ளிக்கிழமை எல்லோரும் வில்லுடையான்பட்டு முருகன் கோயிலுக்குப் போனோம். பக்கத்து வீட்டுப் பெண், அவள் மாமியார், லீவுக்கு வந்திருந்த அந்த இன்ஜினீயரிங் பையன், நாங்கள் மூன்று பேர். மெக்கானிக்கும் கூட வந்தார். கணக்காக ஏழு பேர்!

"நான்தான் ஓட்டுவேன்" என்று அக்கா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டாள். "தோள்?" என்றார் அத்தான். "மெதுவாப் போறேன். நீங்க கிளட்ச்சு கிளட்ச்சுன்னு கத்தாம இருந்தா போதும்" என்றாள். பிளாக்கைத் தாண்டி, மர நிழலில் மெல்ல உருண்டு போயிற்று வண்டி. ஷிப்டு முடிந்து சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் வந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தப் பையன் பின் சீட்டிலிருந்து, "அத்தை, நான் பிறக்க வந்தப்பவும் இப்படித்தான் ஆமை வேகமா?" என்று கேட்டான். "அன்னிக்குப் பறந்தேன்டா!" என்றாள் அக்கா.

சந்நிதியில் நின்றபோது எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டிக்கொள்ளத் தோன்றியது. இந்த ஊருக்கும் ஒரு நாள் வரும். அது இருபது வருஷமோ, நாற்பது வருஷமோ. அன்றைக்கு இங்கே வேலை பார்ப்பவர்களுக்கும், நிலம் கொடுத்தவர்களுக்கும், மந்தாரக்குப்பத்தில் இவர்களை நம்பிக் கடை வைத்திருப்பவர்களுக்கும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். வேறு தொழில் கற்க, பிள்ளைகள் படிப்பை முடிக்க, ஒரு அறுவடை எடுக்க அவகாசம் வேண்டும். கேட்டில் ஒட்டும் நோட்டீஸாக அது வரக் கூடாது.

கோயிலிலிருந்து திரும்பியதும், காரைத் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, சாவியை மெக்கானிக் கையில் அக்காதான் கொடுத்தாள். அத்தான் டிக்கியைத் திறந்து, மறந்துபோய் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு பலாக்கொட்டை மட்டும் மூலையில் கிடந்தது. போன சீசனுடையதாக இருக்க வேண்டும். அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டிக்கியை மூடினார்.

தொம்!